பட்டு நூலும் மலை ஏரி மீனும்

மாசி பிறந்ததும் நம் போளூர்ப் பகுதியில் வெயில் தன் கணக்கைத் தொடங்கிவிடும். வேலூரை 'வெயிலூர்' என்று கேலி செய்வோர் நம்மையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஏரி நீர் நாளுக்கு நாள் உள்வாங்கும். கரையோரச் சேறு பாளம் பாளமாய் வெடிக்கும். மீன் குத்தகை எடுத்தோர் வலையுடன் இறங்குவர். கெண்டையும் கெளுத்தியும் விராலும் கூடைகளில் துள்ளும். மதகின் அருகே சிறுவர் சிலர் மூங்கில் கழியில் நரம்பு கட்டி, முள்ளில் மண்புழு கோத்து, தக்கையின்மேல் கண்ணை வைத்து அமர்ந்திருப்பர். மீன் பிடித்தல் என்றால் நம் பங்கு மக்கள் அறிந்த வழிகள் இவ்விரண்டே: ஒன்று வலை, மற்றொன்று புழுத் தூண்டில்.

அதே மாசித் திங்களில், இதே தமிழ்நாட்டில், புல் நுனிகளில் உறைபனி வெண்மையாய்ப் படிந்து கிடக்கும் மலை ஏரிகளும் உள்ளன. அவற்றின் கரையில் நின்று, புழுவும் தக்கையும் ஈயக்குண்டும் இன்றி, நூலாலும் இறகாலும் கட்டிய போலி ஈ ஒன்றை நீரில் இட்டு மீன் பிடிப்போரும் உள்ளனர். அவர்கள் நாடும் மீனுக்கு டிரவுட் என்று பெயர். கேட்பதற்கு இஃது ஏதோ வெள்ளைக்காரத் துரைமாரின் பொழுதுபோக்கு எனத் தோன்றும். ஆயினும் இக்கலைக்கும் பட்டு நூலுக்கும் நெடுங்கால உறவு உண்டு. ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பங்கள் வாழும் நம் பகுதியில் அதைச் சொல்வது தகும். அக்குளிர்ந்த ஏரி நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றும் உண்டு. பெற்றோராய் உள்ளவர்க்கு அது பயன்படும் என்பதாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு இரத்த அழுத்தம் மிகுந்தது. பத்து நாளேனும் ஊரைவிட்டு அகன்று ஓய்வு கொள்ள வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாய்க் கூறிவிட்டார். தவக்காலம் தொடங்க இன்னும் இரு வாரங்கள் இருந்தன. குருமடத்தில் நம்முடன் பயின்ற தோழர் ஒருவர் அப்பொழுது நீலகிரியில் பங்குப் பணி ஆற்றி வந்தார். அவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன். சிறு வயதில் தோட்ட மேலாளர் ஒருவருக்குத் தூண்டில் பெட்டி சுமந்து சென்று, பார்த்துப் பார்த்தே இக்கலையைக் கற்றவர். "இங்கே வந்து பத்து நாள் குளிரில் நில், அழுத்தம் தானே இறங்கும்" என்று தொலைபேசியில் அழைத்தார். அழைத்தவர் ஒரு வேண்டுகோளையும் உடன் வைத்தார். "வரும்போது உங்கள் பக்கத்துப் பட்டு நூல் சிறிது கொண்டு வா. கறுப்பு கொஞ்சம், சாயம் ஏற்றாதது கொஞ்சம். வெள்ளி ஜரிகை ஒரு முழம் கிடைத்தாலும் நல்லது" என்றார்.

நூல் கேட்டு நாம் சென்றது, கூலிக்குப் பட்டு நெய்யும் முதியவர் ஒருவரின் இல்லம். அவருடைய இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம், பெயர் வேண்டா. வீட்டினுள் குழித்தறிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் பாவு ஏறியிருந்தது. மற்றொன்றின்மேல் பழைய பாய் ஒன்று போர்த்திக் கிடந்தது. அது மகனுடைய தறி. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம் வரும் கோர்வைச் சேலை நெய்வதற்கு இரண்டு பேர் கை வேண்டும் என்பதை நெசவுக் குடும்பத்தார் அறிவர். தந்தை உடல் நெய்ய, மகன் சிறுவனாய் இருந்த நாள் முதல் கரை நாடா தள்ளி வளர்ந்தவன். இரண்டாண்டுகளுக்கு முன் ஒருநாள், இனித் தறியில் உட்காருவதில்லை என்று சொல்லி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சென்றுவிட்டான். போகும் நாளில் இருபுறமும் சொற்கள் தடித்தன.

"ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்றேன் சாமி" என்றார் பெரியவர். "தறி சும்மா கிடக்குதுடா, எப்ப வரப்போறேன்னு கேக்கறேன். மொதல்ல பதில் சொன்னான். அப்புறம், 'வேலையில இருக்கேன்'னு வச்சிட்டான். இப்ப எடுக்கறதே இல்ல. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க." சொல்லிக்கொண்டே தார்க்குச்சி ஒன்றில் கறுப்பு நூலையும் மற்றொன்றில் வெள்ளை நூலையும் சுற்றி, ஜரிகையைக் காகிதத்தில் மடித்து நம் கையில் வைத்தார். காசு வாங்க மறுத்தார். அடுப்படியில் நின்ற அவர் துணைவியார் முன்றானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாம் கண்டோம். ஊர் திரும்பியதும் ஆவன செய்வோம் என்று சொல்லி விடைபெற்றோம்.

காட்பாடியில் இரவு வண்டி ஏறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பேருந்தில் மலை ஏறினோம். போளூரில் விசிறி சுழன்ற இரவுக்கு மறு இரவு, உதகைக்கு அப்பால் தோழரின் இல்லத்தில் இரண்டு கம்பளிகளுக்குள் நடுங்கிக் கிடந்தோம்.

முதல் இரவு அடுப்பின் அருகே அமர்ந்து அவர் அம்மீனின் வரலாற்றைச் சொன்னார். டிரவுட் நம் நாட்டு மீன் அன்று. வெள்ளையர் மலை வாழிடங்களை அமைத்தபோது, தம் நாட்டு மீனையும் அங்கே வளர்க்க விரும்பினர். சென்னை மாகாணப் படை மருத்துவரும், இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் இயற்றியவருமான ஃபிரான்சிஸ் டே, 1863-இல் நீலகிரிக்கு அதன் முட்டைகளைக் கொணர முயன்றார், பயன் இல்லை. குளிர்பதனப் பெட்டிகள் இல்லாத காலம் அது. பனிக்கட்டியில் பொதிந்த முட்டைகள் வெப்பக் கடலைக் கடந்து, மலை உச்சிக்கு உயிருடன் வந்து சேர வேண்டும். இலங்கையின் நுவரெலியா மலைகளில் 1880-களில் அம்முயற்சி கைகூடியது. காஷ்மீரத்திற்கு 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகள் உயிருடன் வந்து சேர்ந்தன. நம் நீலகிரியிலோ, சென்னை அரசின் மீன் வளர்ப்பு அறிஞரான எச். சி. வில்சன் என்பார் 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் வெற்றி கண்டார். இலங்கையிலிருந்து அவர் கொணர்ந்த வானவில் டிரவுட் என்னும் வகை இங்கே வேரூன்றிற்று. அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. முதல் முயற்சிக்கும் வெற்றிக்கும் இடையே 40 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

அந்த வானவில் டிரவுட்டின் பிறப்பிடம் வட அமெரிக்காவின் பசிபிக் கடற்கரை ஆறுகள். பூமத்திய ரேகைக்கு அருகே உள்ள நம் நாட்டில் அது உயிர் வாழ்வது மலையின் உயரத்தால் மட்டுமே. 20 பாகை செல்சியசுக்கு மேல் நீர் வெதும்பினால் அது தவிக்கத் தொடங்கும். 25 பாகையைத் தாண்டினால் மூச்சுத் திணறும். வெந்நீரில் உயிர்வளி குறைந்துபோவதே இதற்குக் காரணம். நம் போளூர் ஏரியில் அதனை விட்டால் ஒரு பகலும் தாங்காது. பொரிப்பகத்தில் குளிர் மாதங்களில் தாய்மீனின் வயிற்றை மெல்ல வருடி முட்டைகளை வட்டிலில் இறக்கி, ஆண்மீனின் விந்தைக் கலந்து, ஓடும் குளிர்நீரில் வைத்துக் காப்பர். நீர் 10 பாகையில் இருந்தால் குஞ்சு வெளிவர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அவசரப்பட்டு நீரைச் சூடாக்கினால் முட்டை கெடும்.

மறுநாள் மாலை அவர் தம் தூண்டில் பெட்டியைத் திறந்தார். நாம் கொண்டு சென்ற பட்டு எதற்கு என்பது அப்பொழுதே விளங்கிற்று.

புழுத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். ஈத் தூண்டிலில் குண்டு கிடையாது. போலி ஈயோ ஓர் இறகின் கனமும் இல்லாதது. ஆகவே நூலே கனமாய் இருந்து, சாட்டை போல் காற்றில் நீண்டு, நுனியில் உள்ள ஈயைச் சுமந்து செல்ல வேண்டும். அக்கன நூல் 1950-கள் வரை பட்டால் பின்னியதாகவே இருந்தது. பட்டிழைகளை வடம்போல் பின்னி, ஆளிவிதை எண்ணெயை ஊட்டி ஊட்டி உலர்த்துவர். ஒவ்வொரு நாளும் மீன் பிடித்து முடிந்ததும் அதை அவிழ்த்துக் காய வைக்க வேண்டும், இல்லையேல் இற்றுப்போகும். கன நூலுக்கும் ஈக்கும் இடையே மீனின் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிழை ஒன்று வேண்டும். அதுவும் பட்டுப்புழு தந்ததே. ஸ்பெயின் நாட்டு மூர்சியாப் பகுதியில், கூடு கட்டும் பருவத்துப் புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை எடுத்துக் கையால் நீட்டி இழுப்பர். ஓர் அடிக்குச் சற்று மிகுந்த நீளத்தில், கண்ணாடி போன்ற ஓர் இழை கிடைக்கும். அத்தகைய இழைகளை முடிச்சிட்டு இணைத்துக்கொள்வர். 1938-இல் நைலான் வெளிவந்த பின் அத்தொழில் படிப்படியாய் மறைந்தது. ஒரு புழு தன் கூட்டுக்கு நூற்க வேண்டிய பட்டு மீன்பிடிக்கச் சென்ற காலம் அது.

இன்று கன நூல் நெகிழியால் ஆனது, மெல்லிழை நைலான். ஆயினும் ஈயைக் கட்டுவதற்குத் தோழர் பட்டையே விரும்பினார். சிறு பற்றுக்குறட்டில் முள்ளை நிறுத்தி, பெரியவர் தந்த கறுப்பு நூலை அதன்மேல் நெருக்கமாய்ச் சுற்றினார். வெள்ளி ஜரிகையின் ஓர் இழையைப் பிரித்து, கறுப்பு உடலின்மேல் இடைவெளி விட்டுப் படிக்கட்டுப்போல் வளைத்து ஏற்றினார். பங்கு இல்லத்துச் சேவல் உதிர்த்த கழுத்திறகு ஒன்றைத் தலைப்பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றினார். பின், நூலின் முனையை அந்நூலின் சுற்றுக்குள்ளேயே செலுத்தி இழுத்தார். முடிச்சு மறைந்தது. நீரடியிலிருந்து மேலெழும் சிறு பூச்சியின் சாயல் அதில் வந்துவிட்டது.

இவ்வகையில் இறகுக்கும் ஒரு கதை உண்டு. நம் சவ்வாது மலையிலும் கூவுகின்ற சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகில், மெழுகுத் துளி போன்ற வெண்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். ஈ கட்டுவோர் அவற்றைக் கண்ணாக வைப்பர் என்பதால், அவ்விறகு ஒருகாலத்தில் நம் நாட்டிலிருந்து கப்பல் ஏறியது. காட்டுக்கோழிகள் அதற்காக மடிந்தன. 1972-ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டம் இன்று அப்பறவையைக் காக்கிறது. தோழர் வீட்டுச் சேவலோடு நிறைவு கொள்வது அதனால்தான்.

இக்கலை புதியதும் அன்று. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மக்கெதோனிய நாட்டவர் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி, புள்ளி மீன்களைப் பிடித்ததை எழுதி வைத்துள்ளார். தூண்டில் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் முதன்முதல் அச்சேறிய நூல் 1496-இல் வெளிவந்தது. அதை இயற்றியவர் கன்னியர் மடத் தலைவி ஜூலியானா பெர்னர்ஸ் எனப் பல தலைமுறைகள் நம்பின. இக்கால அறிஞர் அதனை ஐயுறுவர். நற்செய்தி நூல்களில் வலைகள் பல வருகின்றன. தூண்டிலோ ஒரே ஓர் இடத்தில், கோவில் வரிக்கான காசைத் தேடிப் பேதுரு கடலுக்கு அனுப்பப்படும் இடத்தில் வருகிறது. வலைஞராகிய பேதுரு ஒரு முள்ளோடு காத்திருந்த அந்த நாழிகை எத்தகையதாய் இருந்திருக்கும் என்று அன்றிரவு எண்ணிக்கொண்டோம்.

அடுத்த நாள், உரிய அலுவலகத்தில் அனுமதி பெற்று, எமரால்டு ஏரிக்குச் சென்றோம். எமரால்டும் அவலாஞ்சியும் இணைந்த நீர்த்தேக்கங்கள். கனடா நாட்டின் உதவியோடு 1950-களிலும் 1960-களிலும் உருவான குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. வானவில் டிரவுட்டின் பிறந்தகத்தில் கனடாவின் மேற்குக் கரையும் அடங்கும் என்பதை நினைக்கையில், மீன் முன்னே வர, அதன் ஊரார் பின்னே வந்து ஏரி வெட்டிக் கொடுத்ததுபோல் தோன்றியது.

விடியற்காலை. கரைப்புல் காலடியில் நொறுங்கியது. நீரின்மேல் ஆவி எழுந்து, எதிர்க்கரைக் கற்பூர மரங்களை மறைத்திருந்தது. தோழர் ஒன்பதடிக் கழியை உயர்த்தி நூலைப் பின்னே வீசினார். அது முழுவதும் நீளும் வரை ஒரு கணம் நின்றார். பிறகு முன்னே வீசினார். நூல் அவிழ்ந்து சென்று நீரில் படிந்தது. ஈ விழுந்த ஒலியே இல்லை. "பின்னே நூல் நீள்வதற்குள் முன்னே தள்ளினால் எல்லாம் காலடியில் குவியும். அந்த ஒரு கணம் நிற்பதுதான் கலை" என்றார். பிறகு கழியை நம்மிடம் தந்தார். பழகாத கைக்கு இருபதடி எட்டியதே பெரிது.

ஒரு மணி நேரம் சென்றது. இரண்டு மணி நேரம் சென்றது. விரல்கள் மரத்தன. ஓர் அசைவும் இல்லை. ஏரியில் மீனே இல்லையோ எனக் கேட்டோம். தோழர் சிரித்தார்.

"மீன் இருக்கிறது. குளிர்ந்திருக்கிறது. மீனின் உடலுக்கெனத் தனிச் சூடு இல்லை. நீரின் குளிரே அதன் உடலின் குளிர். இந்தக் குளிரில் அதற்குச் செரிமானம் மெதுவாகிவிடும். ஆற்றலைச் சேமித்துக்கொண்டு அடியில் கிடக்கும். கோடையில் இரையை வேகமாய் இழுத்தால், விரட்டி வந்து கவ்வும். இப்போது வேகமாய் இழுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசி இல்லாமல் இல்லை. துரத்தும் மனம் இல்லை. அதனால் மூன்று செய்ய வேண்டும். அது கிடக்கும் ஆழத்துக்கு ஈ இறங்கும் வரை பொறு. பிறகு, இழுக்கிறாயா இல்லையா என்று உனக்கே ஐயம் வரும் அளவுக்கு மெல்ல இழு. வெயில் படும் ஓரம் எதுவென்று பார். முதலில் அங்கேதான் நீர் வெதுவெதுப்பாகும்."

பத்து மணிக்குமேல் பனி விலகிற்று. ஏரியின் கிழக்கு முகத்தில் ஆழம் குறைந்த ஒரு வளைவு இருந்தது. காற்று அப்பக்கமாய் வீசியது. நீர்மேல் மிதக்கும் பூச்சிகளைக் காற்று தள்ளிச் சேர்க்கும் இடம் அது. வெயில் படப்பட, கொசுவின் சாயல் கொண்ட ஆனால் கடிக்காத சிறு பூச்சிகள் அடிச்சேற்றிலிருந்து ஒவ்வொன்றாய் மேலெழுந்தன. அங்கே ஈயை விழச் செய்தோம். இருபது வரை எண்ணினோம். இடக்கை விரல்களால் நூலை, பெரியவர் தார் சுற்றும் வேகத்தில் பாதிகூட இல்லாமல், உள்ளங்கைக்குள் மடித்து மடித்துச் சேர்த்தோம்.

ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, நூலில் ஒரு கனம் தெரிந்தது. வெட்டியிழுப்பு ஏதும் இல்லை. ஈரத்துணி மாட்டியதுபோல் ஒரு கனம். "கழியை உயர்த்து, இழுக்காதே" என்றார் தோழர். அடுத்த கணம் அக்கனம் உயிர் பெற்று ஏரியின் நடுவை நோக்கி ஓடிற்று. நூலை ஓட விட்டு, அது நின்றபோது சேர்த்து, மீண்டும் ஓட விட்டு, கரைக்குக் கொணர்ந்தோம். ஒரு சாண் நீளமும் இல்லாத இளமீன். வெள்ளி விலாவில், செவுள் முதல் வால் வரை ரோஜா நிறக் கோடு. முதுகில் கடுகு தெளித்தாற்போல் கரும்புள்ளிகள். வெயிலில் சற்றே திருப்பினால் நிறம் மாறியது. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாய் நெய்த பட்டைத் திருப்பிப் பார்ப்பது போலவே இருந்தது. தோழர் முதலில் தம் கையை நீரில் நனைத்துக்கொண்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும். பின் நோய் பற்றும். நனைந்த கையில் மீனைத் தாங்கி, முள்ளைக் கழற்றி, தலையை நீர்ப்பக்கமாக வைத்துப் பிடித்திருந்தார். செவுள் இரண்டு மூன்று முறை அசைந்தது. பிறகு தானே நழுவிச் சென்றது. நண்பகலுக்குள் ஒன்றரைச் சாண் நீளத்தில் வேறொன்று அகப்பட்டது. அதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டோம். மிளகும் உப்பும் தடவி வாட்டியதில் இருவருக்கும் போதுமாயிற்று. முள் குறைவு; சதை இளஞ்சிவப்பு.

உணவின்போது ஓர் ஐயம் எழுப்பினோம்: அயல்நாட்டு மீனை நம் மலை நீரில் வளர்ப்பது நன்றா? தோழர் அதை மழுப்பவில்லை. "டிரவுட் பிற மீன்களையும் தின்னும். ஓடைகளுக்கே உரிய சிறு மீன்களுக்கு அதனால் கேடு உண்டு. இந்தக் கற்பூர மரமும் சீகையும் தேயிலையும் இங்கே கொணரப்பட்டவைதாம். அவற்றால் புல்வெளியும் சோலைக்காடும் சுருங்கின. அவற்றாலேயே என் தந்தையார் எங்களை வளர்த்தார். வந்துவிட்டதைச் சபிப்பதால் ஆவது இல்லை. இருக்கும் ஏரியோடு நிறுத்திக்கொண்டு, எஞ்சிய ஓடைகளை அவற்றின் மீன்களுக்கே விட்டுவைப்பது நம் கடமை" என்றார். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்குமேல் மழை கொட்டி மலைகள் சரிந்த செய்தியைப் பின்னாளில் படித்தபோது, அச்சொற்கள் நம் நினைவுக்கு வந்தன. அம்மலைகள் தாங்கும் அளவு அறிந்தே எதையும் செய்ய வேண்டும்.

பத்து நாள் முடிந்து போளூர் திரும்பினோம். அழுத்தம் இறங்கியிருந்தது. தோழர் கட்டிய ஈக்களுள் ஒன்றைப் பெரியவருக்கென வாங்கி வந்திருந்தோம். முள்ளின் நுனியைத் தக்கையில் குத்தி அவரிடம் கொடுத்தோம். ஜரிகை பிரிக்கும்போது அணியும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முடிச்சு எங்க சாமி?"

நூலின் முனை நூலுக்குள்ளேயே சென்று மறையும் வகையைச் சொன்னோம். "நம்ம நூல்தான். கெட்டிக்காரக் கை" என்றார். பிறகு மீன் பிடித்த கதையைக் கேட்டார். மகனைப் பற்றி நாம் ஒன்றும் எடுக்கவில்லை; கேட்டதற்கு மட்டும் விடை சொன்னோம். விடியலில் ஒன்றும் அகப்படாததையும், குளிர்ந்த மீன் விரைந்து இழுத்தால் முகம் திருப்பும் என்பதையும், வெயில் பட்ட ஓரத்தையும், இழுக்கிறோமா என்றே ஐயுறும் அளவுக்கு மெல்ல இழுத்ததையும் சொன்னோம். அவர் கைகள் ஈயைச் சுழற்றுவதை நிறுத்தின. வெகுநேரம் பேசவில்லை. அடுப்படியிலிருந்து அவர் துணைவியார், "கேட்டீங்களா?" என்றார். அவ்வளவே.

அடுத்த ஞாயிறு அவர் மகனை அழைக்கவில்லை. அம்மாவை அழைக்கச் சொன்னார். மகன் எடுத்தான், என்ன சாப்பிட்டாய், காய்ச்சல் வந்ததாமே, இப்போது எப்படி என்று கேட்டு வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் பெரியவரே இரண்டு நிமிடம் பேசினார். நாம் மலையில் மீன் பிடித்த கதையைச் சொல்லி, "சரிப்பா, உனக்கு வேலை இருக்கும்" என்று தாமே முதலில் வைத்தார். தறி என்ற சொல்லே வரவில்லை. இவ்வாறு தவக்காலம் முழுவதும் சென்றது. குருத்தோலை ஞாயிற்றுக்குச் சில நாள் முன்பு மகன் தானாகவே அழைத்து, "சாமி பிடிச்ச மீன் எவ்ளோ பெருசுப்பா?" என்று கேட்டானாம். பெரியவர் பூசைக்குப் பின் நம்மிடம் ஓடி வந்து, ஒன்றரைச் சாண் என்று நாம் சொன்னதை இரண்டு சாண் எனச் சொல்லிவிட்டதாய்ச் சிரித்தார். உயிர்ப்பு விழாவுக்கு மகன் வந்தான். மூன்று நாள் இருந்தான். தந்தை கேளாமலே, அவர் நெய்துகொண்டிருந்த கோர்வைச் சேலைக்கு ஒரு பகல் முழுதும் கரை நாடா தள்ளினான். பிறகு வேலைக்குத் திரும்பிவிட்டான்.

அவன் இன்றும் தொழிற்சாலையில்தான் இருக்கிறான். தறிக்குத் திரும்புவான் என்று நாம் சொல்லவில்லை. பெரியவரும் இப்போது அப்படிச் சொல்வதில்லை. கைத்தறிக்குக் கூலி போதாமையால் வீடு வீடாய் இளைஞர் வெளியேறும் நாளில், ஒரு தந்தையின் சொல்லால் மட்டும் அதைத் திருப்பிவிட முடியாது. ஆனால் மாதம் ஒரு முறை அவன் வீட்டுக்கு வருகிறான். தந்தையும் மகனும் ஒரே தட்டத்து முறுக்கைத் தின்றுகொண்டு பேசுகின்றனர். தாய் அடுப்படியிலிருந்து வெளியே வந்து அவர்களுடன் அமர்கிறார்.

பெற்றோரே, நம் பிள்ளைகள் சில பருவங்களில் குளிர்ந்துபோவதுண்டு. அழைத்தால் எடுக்கமாட்டார்கள், எதிரே அமர்ந்தாலும் பேசமாட்டார்கள். அன்பு செத்துவிட்டது என்று அப்போது நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இன்னும் வலிந்து இழுக்கிறோம். ஏரி உறங்கும் பருவம் அது. அவர்கள் இருக்கும் ஆழத்திற்கு நம் சொல் இறங்கும் வரை பொறுப்போம். வெயில் படும் ஓரம் எது எனத் தேடுவோம். பல வீடுகளில் அது தாயின் குரலாய் இருக்கும், சில வீடுகளில் ஒரு வேளைச் சோறாய் இருக்கும். பிறகு, இழுக்கிறோமா என்று நமக்கே தெரியாத அளவுக்கு, மெல்ல, மெல்ல.